மருதோண்டி போட்ட தலை வறண்டு, நிறம் திட்டுத்திட்டாய் நின்றால்...



இம்முறை இந்தப் பக்கம் முழுவதையும் ஒரே ஒரு கடிதம் பிடித்துக்கொண்டுவிட்டது. எழுதியவர் லண்டனுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கும் ஒரு தாய். வயது 37. பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருந்தார். ஆறு வருடப் பிரிவுக்குப் பிறகு அவருடைய கணவருக்கு இங்கே வர விசா கிடைத்திருக்கிறது. கடிதம் எழுதும்போது அவர் வந்து இறங்க இன்னும் நாலு கிழமை இருந்தது.

"நான் வெளிக்கிட்ட நேரம் என்ரை தலையிலை ஒரு நரை இல்லை அக்கா. இப்ப உச்சியும் நெற்றியோரமும் வெள்ளை. போனிலை முகம் பாத்துக் கதைக்கேக்கை லைற்றைக் குறைச்சுப்போட்டு இருந்திட்டன். நேரிலை அப்பிடிச் செய்யேலாதே" என்று எழுதியிருந்தார்.

ஆகவே நாலு மாதமாக மாதம் ஒருமுறை மருதோண்டி போட்டு வந்திருக்கிறார். கடைசித் தடவை நன்றாகப் பிடிக்கட்டும் என்று தேயிலைச் சாயத்தில் கரைத்து, மூன்று தேசிக்காய் பிழிந்து, கோப்பித்தூள் ஒரு கரண்டி, முட்டை ஒன்று எல்லாம் சேர்த்து, ஒரு மணித்தியாலம் ஊறவிட்டு, இடுப்பளவு தலைமயிர் முழுவதிலும் பூசி, அப்படியே விடியும்வரை இருந்திருக்கிறார். காலையில் கழுவிப் பார்த்தால் நெற்றியோரம் கரட் நிறம். நடுவில் அங்கங்கே நிறமே ஏறாத திட்டுகள். நுனி கருஞ்சிவப்பு. தொட்டால் தும்பு மாதிரி. சீப்பு வைத்தால் இறங்க மறுக்கிறது.

பக்கத்து வீட்டுத் தோழி ஒருவர், சலூனில் போய் முழுவதையும் வெளுக்கவைத்துப் புதிதாகச் சாயம் போடச் சொல்கிறார். இன்னொருவர் பத்து நிமிடத்தில் தலை கறுக்கும் 'கறுப்பு மருதோண்டி' என்று ஒரு சின்னப் பக்கற்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்திருக்கிறார். எதைச் செய்ய என்பது கேள்வி.

இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் அவருக்கு உடனே தனியாகப் பதில் எழுதினேன். இதே தொல்லையில் வேறு பலரும் இருப்பீர்கள் என்பதால் அதைக் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

இரண்டையும் செய்யவேண்டாம் தங்கச்சி என்றுதான் தொடங்கினேன்.

முதலில் அந்தப் பக்கற். மருதோண்டி இலை கறுப்பு நிறம் தராது. செம்மஞ்சளில் தொடங்கிச் செம்பழுப்பு வரைக்கும்தான் அதன் எல்லை. பத்து நிமிடத்தில் கறுப்பாக்கும் தூள் என்றால் அதில் மருதோண்டி பேருக்குத்தான் இருக்கும். கறுப்பைத் தருவது பெரும்பாலும் பி.பி.டி. என்று சுருக்கிச் சொல்லப்படும் பரா-பெனிலீன்டையமீன் என்ற இரசாயனம். கடைகளில் பெட்டியில் விற்கும் சாதாரண தலைச்சாயங்கள் பலவற்றிலும் இது உண்டு. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி கலந்து தலையில் வைக்கும்போது அது 2 வீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. பெயர் தெரியாத பக்கற்றில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று யார் அளந்தது? சிலருக்கு இந்த மருந்து ஒவ்வாது. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு ஆயுள் முழுவதும் ஒவ்வாமைதான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. 1998 இல் என் ஒன்றுவிட்ட தங்கையின் கலியாணத்துக்கு முதல்நாள் இதே போன்ற ஒரு பக்கற்றைத்தான் வாங்கிப் போட்டேன். இரவு தலை கடித்தது. நித்திரைக் குறைவு என்று நினைத்தேன். விடிய எழும்பினால் இரண்டு கண்ணும் திறக்கவில்லை. நெற்றி வீங்கி, காதோரம் நீர் வடிந்துகொண்டிருந்தது. தாலி கட்டும் நேரம் நான் வைத்தியசாலை வாங்கில் இருந்தேன். கலியாணப் படம் ஒன்றிலும் நான் இல்லை. அன்றிலிருந்து கறுப்புச் சாயப் பெட்டி எதையும் என்னால் தொட முடியாது. மருதோண்டி ஒன்றுதான் மிச்சம். அதனால்தான் அதைப்பற்றி இவ்வளவு தேடிப் படித்தேன்.

சலூனில் வெளுக்கவைப்பது இன்னொரு விதமான ஆபத்து. நாலு மாதமாகப் போட்ட தூள் எதுவென்று அவருக்கே நினைவில்லை. மலிவான தூள்கள் சிலவற்றில் நிறத்துக்காக உலோக உப்புகள் கலப்பார்கள். அதன்மேல் வெளுக்கும் மருந்து பட்டால் மயிர் சூடேறி, புகைந்து, கையோடு முறிந்து வரக்கூடும். அவுரி கலந்த தூளாக இருந்தால் பச்சையடிக்கும். சுருட்டும் மருந்தும் நீட்டும் மருந்தும் இதே கதைதான். என்றைக்காவது சலூனுக்குப் போனால் மருதோண்டி போட்ட தலை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராவிட்டால் பக்கற்றையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இனி, ஏன் இப்படித் திட்டாகிறது என்று பார்ப்போம். மருதோண்டி இலையில் லோசோன் என்ற நிறப்பொருள் ஒன்று முதல் இரண்டு வீதம் வரை இருக்கிறது. அது மயிரில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இருக்கும் நிறத்தை அது அகற்றுவதில்லை. அதன்மேல் ஒரு கண்ணாடித் தாள் வைத்தது போலப் படிகிறது. வெள்ளை மயிரில் வைத்தால் செம்மஞ்சள், கறுத்த மயிரில் வைத்தால் வெயிலில் மட்டும் தெரியும் ஒரு சிவப்பு. ஒவ்வொரு தடவை பூசும்போதும் தாளின்மேல் தாளாக நிறம் கூடும், குறையாது. நெற்றியோரம் கரட்டாகவும் நுனி கருஞ்சிவப்பாகவும் நின்றதற்குப் பாதிக் காரணம் இதுவே. நெற்றியோர நரை ஒருமுறைதான் பூச்சுக் கண்டது. நுனியோ நாலு முறை.

மீதிக் காரணம் இந்த நாட்டுக் குளிர். ஊரில் அம்மியில் அரைத்து வைத்த இலைக்கு வெக்கையே வேலையைச் செய்து கொடுத்துவிடும். தூளைக் கரைத்தால் 35 பாகை வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்தில் நிறம் இறங்கிவிடும். இங்கே மாரியில் ஹீற்றரைக் குறைத்துப்போட்ட குசினியில் அதே களிக்குப் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் எடுத்துப் பூசினால் பாதி நிறம் தூளுக்குள்ளேயே இருக்கும். தலையும் சூடாக இருக்கவேண்டும். களி காய்ந்துவிட்டால் அதன்பிறகு நிறம் ஏறாது. மூடாமல் விட்டால் முதலில் காய்வது நெற்றியோரமும் கன்னப்பொறியும். நரை கூடுதலாக இருப்பதும் அங்கேதான்! விடியும்வரை வைத்திருந்தார் என்று பெயர், உண்மையில் வேலை நடந்தது முதல் ஒரு மணித்தியாலம்தான். பிறகு காய்ந்த மண்ணோடு படுத்திருந்தார்.

முட்டை, தயிர் சேர்ப்பது நம்மிடம் பரம்பரையாக வருவது. ஆனால் லோசோன் புரதத்தோடு ஒட்டும் பொருள். முட்டையைக் கண்டால் முட்டையோடும் ஒட்டும். மயிருக்குப் போகவேண்டிய நிறம் கோப்பையிலேயே தங்கிவிடும். பிறகு சுடுதண்ணீரில் கழுவினால் தலையில் முட்டைப் பொரியல். அளவும் போதவில்லை. தோளளவு தலைக்கு 100 கிராம் வேண்டும், இடுப்பளவுக்கு 200 முதல் 300 கிராம் வரை வேண்டும். ஒரு பக்கற்றை இழுத்து இழுத்துப் பூசினால் நடுவில் திட்டு விழாமல் என்ன செய்யும்? முதல்நாள் தேங்காயெண்ணெய் வைத்த தலையைச் சரியாக முழுகாமல் பூசினாலும் இதே கதிதான். ஊரில் அரப்பும் சீயாக்காயும் எண்ணெயை முற்றாக எடுத்துவிடும். இங்கே கண்டிஷனரும் சேர்ந்த ஷாம்பு மயிரின்மேல் ஒரு வழுவழுப்பை விட்டுவைக்கும்.

வறட்சிக்கு முதற் குற்றவாளி அந்த மூன்று தேசிக்காய். கொஞ்சம் புளிப்பு நிறம் இறங்க உதவும் என்பது உண்மைதான், ஆனால் இரண்டு தேக்கரண்டிச் சாறு போதும். தேயிலைச் சாயமும் கோப்பியும் நிறத்துக்குப் பெரிதாக உதவுவதில்லை, தேயிலைத் துவர்ப்பு மயிரை இன்னும் இறுக்கும். மருதோண்டியிலும் துவர்ப்பு இருக்கிறது. அடுத்தது தண்ணீர். உங்கள் கேத்தலுக்குள் எட்டிப் பாருங்கள். வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருந்தால் உங்கள் குழாய்த் தண்ணீர் கடினத் தண்ணீர். லண்டனும் அதன் சுற்றுவட்டாரமும் சுண்ணக்கல் நிலம் என்பதால் இந்தத் தொல்லை கூட. ஸ்கொட்லாந்திலும் நோர்வேயின் பல இடங்களிலும் தண்ணீர் மென்மையானது. அங்கே இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். இந்தச் சுண்ணாம்பு மயிரிலும் படியும். அதோடு மாரி முழுவதும் ஹீற்றர் போட்ட வீட்டுக் காற்று. மருதோண்டியை மட்டும் திட்டிப் பயனில்லை.

நாலு கிழமையில் என்ன செய்யலாம்?

முதல் கிழமை மருதோண்டிப் பக்கமே போகவேண்டாம் என்றேன். புதிதாகப் போட்ட நிறம் இரண்டு மூன்று நாளில் காற்றுப்பட்டு ஒரு படி இருளும். கழுவிய அன்று கரட் நிறத்தைக் கண்டு அழுதவர்கள் பலர், மூன்றாம் நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தக் கிழமையில் இரண்டு இரவுகள் தேங்காயெண்ணெய் வைத்து, பழைய துவாயைத் தலையணையில் விரித்துப் படுத்து, காலையில் மென்மையான ஷாம்புவால் முழுகவேண்டும். இங்கே 24 பாகைக்குக் கீழே எண்ணெய் கட்டியாகிவிடும். போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பையில் சற்று நேரம் வையுங்கள், அடுப்பில் வைக்கவேண்டாம். தேங்காயெண்ணெய் மயிருக்குள்ளேயே ஊறி, முழுகும்போது புரதம் கழிந்துபோவதைக் குறைக்கிறது என்று 2003 இல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு சொல்கிறது. ஆய்வைச் செய்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் கம்பனியின் ஆட்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். என்றாலும் நம் அம்மம்மாமார் கம்பனி வைத்திருக்கவில்லையே!

கடைசி அலசலுக்குக் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீர் ஒரு லீற்றர் எடுங்கள். கொதிக்கும்போது சுண்ணாம்பின் ஒரு பகுதி அடியில் படிந்துவிடும். மேல்தண்ணீரை மட்டும் வார்த்து, ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு, தலையில் ஊற்றுங்கள். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணம் காய்ந்ததும் போய்விடும். இதற்குப் பிறகு சீப்பு இறங்கும் விதத்திலேயே வித்தியாசம் தெரியும். ஈரத்தலையைச் சூடான காற்று மெசினால் காயவைப்பதை அந்த நாலு கிழமைக்காவது விட்டுவிடுங்கள்.

இதற்கிடையில் சீப்பில் வரும் மயிரை எறியாமல் சேர்த்து, ஒரு நூலால் சின்னக் குஞ்சமாகக் கட்டிவைக்கச் சொன்னேன். அதிலே கரட் நிற மயிரும் புதுநரையும் இருக்கவேண்டும். தலையில் வைக்க நினைக்கும் கலவையை முதலில் அந்தக் குஞ்சத்தில் போட்டுப் பாருங்கள். இதைவிட நல்ல சோதனை இல்லை.

கரட் நிறத்தைக் குறைக்க முடியாது. ஆகவே நுனிக்கு ஒத்துப்போகும் அளவுக்கு அதை இருளவைப்பதுதான் வழி. அதற்கு அவுரி இலைத்தூள் இருக்கிறது, துணிக்கு நீலச்சாயம் எடுத்த அதே செடி. மருதோண்டியோடு சரிபாதி கலந்தால் பழுப்பு, அவுரியைக் கூட்டினால் கருமை கூடும். பக்கற்றில் சேர்பொருள் என்று போட்டிருக்கும் இடத்தைப் படியுங்கள். மருதோண்டியில் 'லோசோனியா இனேர்மிஸ்' மட்டும், அவுரியில் 'இன்டிகோஃபெரா' என்று தொடங்கும் பெயர் மட்டும் இருக்கவேண்டும். மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தால், முக்கியமாகப் பெனிலீன்டையமீன் என்றோ பிக்ரமேற் என்றோ கண்டால், கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். சேர்பொருளே எழுதாத பக்கற் இன்னும் மோசம். இலைதானே என்று நினைக்காமல், கரைத்த களியில் கொஞ்சம் முழங்கையின் உட்பக்கத்தில் வைத்து, கழுவி, 48 மணித்தியாலம் பொறுத்துப் பாருங்கள்.

மருதோண்டித் தூளை முதல்நாள் இரவே இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் இரண்டு தேக்கரண்டித் தேசிச்சாற்றிலும் தயிர்ப் பதத்துக்குக் கரைத்து மூடி, ஹீற்றருக்குக் கிட்ட வையுங்கள். மேலே பழுப்பாகி உள்ளே பச்சையாக இருந்தால் நிறம் இறங்கிவிட்டது. அவுரியை இப்படி ஊறவைக்கக்கூடாது. பூசப் போகும்போது வெறும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, மருதோண்டியோடு கலந்து உடனே பூசவேண்டும். அவுரிக்கென்று தனியாகத் தேசிக்காய் விடவேண்டாம்.

முந்தின நாள் எண்ணெய் வைக்காமல், வழுவழுப்புச் சேராத ஷாம்புவால் முழுகுங்கள். தலையை நாலாக வகிர்ந்து, விரலளவு மெல்லிய பிரிவுகளாக எடுத்து, அடிமயிரில் மட்டும் தாராளமாக அப்புங்கள். நெற்றியோரத்தையும் கன்னப்பொறியையும் முதலில் பூசுங்கள், அவைதான் கூடுதல் நேரம் கேட்பவை. திட்டு விழுந்த இடங்களுக்கும் வையுங்கள். ஏற்கெனவே கறுத்த நுனிக்குத் துளியும் வேண்டாம். அதற்குக் கொஞ்சம் எண்ணெயைத் தடவிவிட்டால் தவறிப் பட்டாலும் ஏறாது. பூசி முடிந்ததும் பொலித்தீன் சுற்றி, அதன்மேல் துவாய் கட்டி, மூன்று மணித்தியாலம் இருங்கள். விடியும்வரை வேண்டாம்.

கழுவும்போதுதான் பலர் மயிரை அறுத்துக்கொள்வது. மண் மாதிரித் துகள் உள்ளே நிற்க, ஷாம்பு போட்டுத் தேய்க்கிறார்கள். வாளியில் தண்ணீர் எடுத்துத் தலையை அமிழ்த்தி அலசுங்கள். பிறகு விலை குறைந்த கண்டிஷனர் ஒரு கைநிறைய எடுத்துப் பூசி அலசினால் துகள் வழுக்கிக்கொண்டு வரும். ஷாம்புவுக்கு இரண்டு நாள் லீவு. அவுரி கலந்தது முதல்நாள் சிலவேளை பச்சை கலந்தது போலத் தெரியும், பயப்படவேண்டாம், அடுத்தநாள் இருண்டுவிடும். தலைமயிர் மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் வளரும். ஆகவே ஐந்து ஆறு கிழமைக்கு ஒருமுறை, வளர்ந்த அந்த அடிக்கு மட்டும் பூசினால் போதும். முழுத் தலைக்கும் பூசிக்கொண்டே போனால் திரும்பவும் இதே கடிதம் எழுதவேண்டி வரும்.

வாளியைச் சும்மா சொல்லவில்லை. வாடகை வீட்டுக் குளியல் தொட்டியின் வெள்ளை ஓரத்தில் ஏறிய மருதோண்டிக் கறை லேசில் போகாது, வீட்டுக்காரர் அதைக் கட்டுக்காசில் கழித்துவிடுவார். களி குழாய்க்குள் போனால் அடைக்கும். வாளித் தண்ணீரை அரிதட்டில் வடித்து மலசலகூடத்தில் ஊற்றி, மண்டியைக் குப்பையில் போடுங்கள். நிலத்தில் பழைய பேப்பர் விரியுங்கள். நெற்றியோரத் தோலில் வாசலின் தடவுங்கள். சமையல் வேலை, துப்புரவு வேலை செய்பவர்கள் கையுறை போட்டுப் பூசாவிட்டால் மறுநாள் மனேச்சருக்குச் செம்மஞ்சள் நகத்தை விளங்கப்படுத்தவேண்டி வரும்.

மிச்சக் களியைப் பிள்ளைகளின் கையில் வைப்பது நம் வழக்கம். அவுரி கலக்காத சுத்தமான மருதோண்டி என்றால் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் ஜி-6-பி-டி குறைபாடு என்று வைத்தியர் சொன்ன பிள்ளைக்கு அதுவும் வேண்டாம். இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து பெரும் ஆபத்தாகலாம். கைக்குழந்தைகளுக்கு வைக்கவே வேண்டாம். விழாக்களில் கையில் வரையும் 'கறுப்பு மருதோண்டி' எந்தப் பிள்ளைக்கும் ஆகாது. அதில் ஒவ்வாமை பிடித்த பிள்ளைக்குப் பல வருடம் கழித்துத் தலைச்சாயம் போடும்போது என் கதை நடக்கலாம். ஐரோப்பாவில் விற்கும் சாயப் பெட்டிகளின் ஓரத்தில் இந்த எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. எழுத்து மிகச் சின்னம், கண்ணாடி போட்டுப் படியுங்கள்.

போன கிழமை அவரிடமிருந்து இரண்டாவது கடிதம் வந்தது. குஞ்சத்தில் முதல் தடவை சரிபாதிக் கலவை சிவப்பாக நின்றதாம். இரண்டு பங்கு அவுரி, ஒரு பங்கு மருதோண்டி என்று மாற்றியதும் நுனியோடு ஒத்துப்போனதாம். இடது கன்னப்பொறியில் ஒரு சின்னத் திட்டு இன்னும் இருக்கிறது, பூ வைத்து மறைத்தேன் என்கிறார். நுனியில் நாலு விரலளவு வெட்டிவிட்டார். தும்புத்தன்மை முழுதாகப் போகவில்லை, ஆனால் சீப்பு இறங்குகிறது.

கணவர் வந்துவிட்டார். விமான நிலையத்தில் தன் தலையை அவர் பார்த்தாரோ தெரியாது, தான் பார்த்தது அவருடைய மீசையைத்தானாம். ஆறு வருடத்துக்கு முன்னர் இருந்ததைவிடக் கறுப்பு! அதோடு மேலுதட்டில் கொஞ்சம் சிவந்து கடிக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கற் போட்டவர் என்று உடனே கேட்டு, இனி அதைத் தொடவேண்டாம் என்று சொல்லி, வைத்தியரிடம் காட்டும்படி எழுதியிருக்கிறேன்.